முட்டி லிஃப்டர் மாட்டிய பிறகு துணிக்கு அடியில் நூல் சுருள்கிறது, உதவுங்கள்

வெள்ளைநூல்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் கைமாறி வந்த பழைய பவர் தையல் மெஷின் (தொழிற்சாலை வகை) ஒன்று இருக்கிறது. ஒற்றை ஊசி, நேர்த்தையல் மட்டும், கிளட்ச் மோட்டார். முட்டியால் தள்ளிப் பிரஷர் ஃபுட்டை, அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கும் லிஃப்டரும் உண்டு. ஆனால் முன்பு வைத்திருந்தவர் அதைக் கழற்றித் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்.

போன வாரம் மெஷினின் தலையை (மேஜை மேல் இருக்கும் பாகத்தை) சாய்த்து ஆயில் தட்டை முழுக்கச் சுத்தம் செய்தேன். பிறகு லிஃப்டரையும் மாட்டினேன். தூக்குவது என்னவோ அருமையாகத் தூக்குகிறது. ஆனால் தைத்தால் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருள்கிறது. மேல்பக்கம் பார்க்க ஒழுங்காகவே இருக்கிறது.

ஊசி மாற்றிவிட்டேன். கீழ்நூல் பாபினை மறுபடி சுற்றினேன். பாபின் கேஸ் திருகை அரைச் சுற்று இறுக்கினேன், பிறகு பயந்துபோய்ப் பழையபடி வைத்தேன். மேல்நூலின் டென்ஷனை (இறுக்கத்தை) முடிந்தவரை இறுக்கியும் பார்த்தாயிற்று. எதுவும் பலிக்கவில்லை. இன்னொரு விசித்திரம்: மெல்லிய துணி சில நேரம் நகராமல் நின்ற இடத்திலேயே தைக்கிறது. நான்கு மடிப்பு கனமான துணி என்றால் நகர்கிறது, ஆனால் சுருள் அதிலும் உண்டு.

பாபின்கேஸ்:
அடியில் சுருள் வந்தால் பழி எப்போதும் பாபின் மேல்தான் விழும், பாவம். உண்மையில் அடியில் சுருள் என்றால் மேல்நூலில் இறுக்கம் இல்லை என்று அர்த்தம். முதலில் நூலை முழுசாக உருவிவிட்டு, பாதத்தைத் தூக்கி வைத்த நிலையில் மறுபடி கோர்த்துப் பாருங்கள். பாதம் கீழே இருக்கும்போது கோர்த்தால் நூலை நடுவில் அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் டிஸ்க் இரண்டும் மூடியிருக்கும், நூல் இடையில் போய் உட்காராமல் மேலேயே நிற்கும்.

வெள்ளைநூல்:
செய்தேன் சகோ. மூன்று முறை. அதே கதைதான்.

சுருக்குப்பை:
அக்கா, லிஃப்டரின் தகடு உங்கள் முட்டியில் எந்நேரமும் ஒட்டிக்கொண்டு இருக்கிறதா? எனக்குப் புதிதில் இதே பிரச்சினை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து மிதியில் கால் வைத்தாலே வலது முட்டி தகட்டைத் தொட்டுவிடும். தெரியாமலேயே பாதத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு தைத்திருக்கிறேன், ஒரு மாதம்! தகட்டின் தண்டைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தினால் அதை இடம் வலமாக நகர்த்தலாம். முட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே மூன்று நான்கு விரல் இடைவெளி விட்டு இறுக்கினேன், சரியாகிவிட்டது.

வெள்ளைநூல்:
நல்ல யோசனை என்று உடனே பார்த்தேன். நாற்காலியை இடப்பக்கம் தள்ளி, முட்டி தகட்டின் பக்கமே போகாமல் தைத்தேன். அப்போதும் சுருள்கிறது. அதனால் முட்டி மேல் குற்றமில்லை.

ஆயில்கேன்:
நீங்கள் முதல் பதிவிலேயே விடையில் பாதியைச் சொல்லிவிட்டீர்கள்: மெல்லிய துணி நகரவில்லை, கனமான துணி நகர்கிறது. டென்ஷன் மட்டும் கெட்டிருந்தால் துணி நகர்வதில் வித்தியாசம் வராது. பாதம் முழுசாகக் கீழே வந்து, துணியை நகர்த்தும் பல்லின் மேல் உட்காரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இரண்டு சோதனை செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கையால் தூக்கும் லிவரைக் கீழே இறக்கிவிட்டு, ஹாண்ட் வீலைக் கையால் சுற்றிப் பற்கள் ஊசித் தகட்டுக்குக் கீழே போன நிலையில் நிறுத்துங்கள். ஒரு துண்டுக் காகிதத்தைப் பாதத்துக்கு அடியில் வைத்து இழுங்கள். காகிதம் இறுக்கமாகப் பிடிபட வேண்டும், இழுத்தால் கிழிய வேண்டும்.

அடுத்து ஊசியிலிருந்து நூலை மட்டும் உருவிவிட்டு, டென்ஷன் டிஸ்கைத் தாண்டி வந்த நூலைக் கையால் இழுங்கள். பாதம் கீழே இருக்கும்போது கை உணரும்படி எதிர்க்க வேண்டும். பாதத்தைத் தூக்கினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

வெள்ளைநூல்:
அண்ணா, காகிதம் வெண்ணெயில் கத்தி போல வெளியே வந்துவிட்டது! குனிந்து பார்த்தால் பாதத்துக்கும் ஊசித் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. நூலும் அப்படித்தான், பாதம் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் ஒரே மாதிரி வருகிறது. இத்தனை நாள் டென்ஷன் குமிழைத் திருகித் திருகி என் விரல்தான் தேய்ந்தது.

ஆயில்கேன்:
சரி, அப்படியானால் லிஃப்டரே எந்நேரமும் பாதத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்போது நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முட்டியால் தகட்டைத் தள்ளினால், ஆயில் தட்டுக்கு அடியில் இருக்கும் தண்டு சுழலும். அது தட்டுக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு சின்ன இரும்புக் கம்பியை மேலே தள்ளும். அதைத்தான் புஷ் ராட் என்கிறோம், விரல் பருமன் கூட இருக்காது. அந்தக் கம்பி மெஷினின் அடிவயிற்றில் இருக்கும் ஒரு லிவரை முட்டும். அங்கிருந்து இணைப்புக் கம்பிகள் வழியாக அசைவு பாதத்தின் தண்டுக்குப் போய்ச் சேரும். பாதம் எழும்போது, டென்ஷன் டிஸ்கின் நடுவில் இருக்கும் ஒரு மெல்லிய பின் டிஸ்குகளைப் பிரித்துவிடும். துணியை வெளியே எடுக்கும்போது நூல் தடையில்லாமல் வரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. எவ்வளவு தூக்கினால் டிஸ்க் திறக்கும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். உங்களுடையதில் சீக்கிரமே திறக்கிறது போல.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கம்பி எதிலும் மாட்டப்பட்டிருக்காது, சும்மா நிற்கும். கீழ்முனை ஆயில் தட்டின் பக்கம், மேல்முனை மெஷின் தலையின் பக்கம். ஆக தட்டுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் யாரும் தள்ளாமலேயே கம்பி லிவரைத் தள்ளும்.

உறுதி செய்ய, தலையைச் சாய்த்து அந்தக் கம்பியை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்துப் பாருங்கள். ஜாக்கிரதை: சுவிட்சை அணைத்த பிறகும் கிளட்ச் மோட்டார் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது கால் பட்டால் மெஷின் ஓடும். பிளக்கைப் பிடுங்கி, மிதியை ஒருமுறை அழுத்தி, ஓசை முழுசாக நின்ற பிறகு தலையில் கை வையுங்கள். பின்னால் தாங்கு கட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்த்த தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வேலை பார்க்காதீர்கள்.

வெள்ளைநூல்:
கம்பியை எடுத்தேன். தைத்தேன். மேலும் கீழும் ஒரே மாதிரி, அச்சடித்தது போல! டென்ஷனைத்தான் நான்கு சுற்று குறைக்க வேண்டியிருந்தது.

ஆனால் இப்போது முட்டி லிஃப்டர் இல்லையே. காலர் முனையில் ஊசியை இறக்கி வைத்து, முட்டியால் பாதத்தைத் தூக்கி, இரண்டு கையாலும் துணியைத் திருப்பும் சுகத்தை ஒரே நாளில் பழகிவிட்டேன். இனி திரும்பிப் போக மனசு வராது.

ஆயில்கேன்:
போக வேண்டாம். சுத்தம் செய்தபோது தலைக்குக் கீழே மூலைகளில் இருந்த ரப்பர்களை என்ன செய்தீர்கள்?

வெள்ளைநூல்:
ஐயோ. அவை எண்ணெயில் ஊறி உப்பி, தொட்டாலே பிய்ந்து வந்தன. எறிந்துவிட்டு, ஒரு பழைய ரப்பர் பாயில் துண்டு வெட்டி வைத்தேன். பாய் கொஞ்சம் மெல்லிசுதான்.

ஆயில்கேன்:
அதுதான் விஷயம். ரப்பர் மெலிந்ததும் தலை தாழ்ந்துவிட்டது. ஆயில் தட்டு மேஜையோடு ஆணி அடித்து நிற்கிறது, அது தாழாது. நடுவில் அகப்பட்ட கம்பி லிவரை மேலே தள்ளுகிறது. அந்த மெஷினுக்கு உரிய ரப்பரை வாங்கி நான்கு மூலையிலும் வையுங்கள். பாதம் எவ்வளவு எழலாம் என்று கட்டுப்படுத்தும் லிஃப்டரின் எல்லைத் திருகை இப்போது தொடவே வேண்டாம். தலை சரியான உயரத்தில் உட்காராதபோது திருகைச் சரிசெய்தால், நாளை ரப்பர் மாற்றும்போது எல்லாம் மறுபடி மாறிப்போகும்.

வைத்த பிறகு பார்க்க வேண்டியது: தகட்டைக் கையால் மெல்லத் தள்ளினால், பாதம் அசையத் தொடங்குவதற்கு முன் கொஞ்ச தூரம் வெறுமனே போக வேண்டும். அந்த வெற்று ஆட்டம் இருந்தால்தான் தைக்கும்போது பாதம் முழுசாகக் கீழே இருக்கிறது என்று நம்பலாம்.

முதல்தையல்:
குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். என் பாட்டியின் பழைய சிங்கர் 99கே பெட்டி மெஷினிலும் முட்டிக்கு ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஆசையாகத் தள்ளினேன். பாதம் தூக்கவில்லை, மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது! பயந்து எழுந்தே விட்டேன்.

ஆயில்கேன்:
சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். அது லிஃப்டர் இல்லை, வேகம் கொடுக்கும் கம்பி. கால் பெடலுக்குப் பதிலாக முட்டியால் மோட்டாரை ஓட்டும் முறை. எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு வேகம். பாதத்தை அதில் பின்னால் இருக்கும் லிவரால் கையால்தான் தூக்க வேண்டும். தைக்காத நேரத்தில் கம்பியை உருவி வைத்துவிடுங்கள், போகிற வருகிறவர் இடித்தால் மறுபடி ஓடும்.

ஒருகைதையல்:
நானும் ஒரு சந்தேகம் கேட்கலாமா? விபத்துக்குப் பிறகு வலது கையில் பலம் இல்லை. வீட்டு உபயோக மெஷின் வைத்திருக்கிறேன். துணியை இடது கையால் சமாளிக்கிறேன், ஆனால் பாதத்தைத் தூக்கும் லிவர்தான் எட்டாத இடத்தில் இருக்கிறது. சைக்கிள் பிரேக் கம்பியை லிவரில் கட்டிக் காலால் இழுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சரிப்படுமா?

பாபின்கேஸ்:
முதலில் மெஷினின் முன்பக்கம், கீழ் விளிம்பில் ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். சில வீட்டு மெஷின்களில் முட்டி லிவரைச் செருக இடம் உண்டு, லிவர் பெட்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். பெர்னினாவில் இதற்கு ஃப்ரீ ஹாண்ட் சிஸ்டம் என்று பெயர். தள்ளினால் பாதம் எழுவதோடு பற்களும் கீழே இறங்கிவிடும், துணியை நுழைப்பது சுலபம். துளை இல்லாத மெஷினில் உள்ளே இணைப்பும் இருக்காது, லிவரை மட்டும் வாங்கிப் பயனில்லை.

ஆயில்கேன்:
பிரேக் கம்பி யோசனையில் ஒரு சிக்கல். கை லிவர் வெறும் லிவர் இல்லை, அதன் முனை ஒரு கேம் (ஒருபக்கம் புடைத்த வட்டு). உச்சிக்குப் போனதும் அங்கேயே பூட்டிக்கொள்ளும், நீங்கள் கம்பியை விட்டாலும் பாதம் இறங்காது. பூட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே தடுக்கிற மாதிரி மிதியின் அடியில் கட்டை வைத்தால், மிதியை விட்டதும் பாதத்தின் ஸ்பிரிங்கே அதைக் கீழே இறக்கும். கம்பி இழுக்கும் திசையும் லிவர் நகரும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் லிவர் வளைந்துவிடும். செய்து பார்க்கலாம், ஆனால் என்னைக் கேட்டால் இது இரண்டாவது வழி.

முதல் வழி, மெஷினில் ஏற்கெனவே இருக்கும் வசதியைத் தேடுவது. நிறுத்தும்போது ஊசி கீழேயே நிற்கும் அமைப்பு இருக்கிறதா? சில கம்ப்யூட்டர் மெஷின்களில் பிவட் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை வைத்துவிட்டால் தையல் நின்றதும் ஊசி துணிக்குள் இருக்கும், பாதம் தானே எழும்பும். மறுபடி ஓட்டினால் தானே இறங்கும். லிவரைத் தொடவே வேண்டாம்.

சுருக்குப்பை:
கால் பெடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலவற்றில் குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் ஊசி மேலே போகும், இன்னொரு தட்டுக்குக் கீழே வரும். அதனால் ஹாண்ட் வீலைத் தேடி வலது கை போக வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் என் தோழி ஒருத்தி பெடலை மேஜை மேல் வைத்து முழங்கையால் அழுத்தித்தான் தைக்கிறாள். பெடல் வழுக்காமல் அடியில் ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஒருகைதையல்:
என் மெஷினில் பிவட் பொத்தான் இருக்கிறது! நான்கு வருடமாக அது எதற்கு என்றே தெரியாமல் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் இருந்த கையேட்டை இன்றுதான் பிரித்தேன். ஒரு கைக்குட்டையின் நான்கு மூலையும் லிவரைத் தொடாமல் திருப்பியாயிற்று. நன்றி, நன்றி.

வெள்ளைநூல்:
ரப்பர் வந்தது. நான்கையும் வைத்து, புஷ் ராடை நிறுத்தி, தலையை இறக்கினேன். காகிதம் இப்போது கிழிகிறது. தகட்டில் வெற்று ஆட்டமும் இருக்கிறது. முட்டியால் முழுக்கத் தள்ளினால் பாதம் 10 மில்லிமீட்டர் எழுகிறது, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கை லிவர் அதில் பாதிதான் தூக்குகிறது. கனமான துணிக்கு இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமா அண்ணா?

ஆயில்கேன்:
இந்த வகை மெஷின்களில் பொதுவாக 10 தான் வழக்கமான அளவு, எல்லைத் திருகைச் சரிசெய்தால் 13 வரை போகலாம். திருகைப் பூட்டியிருக்கும் லாக் நட்டைத் தளர்த்திக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். ஆனால் 10-க்கு மேல் போனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: முட்டியால் பாதத்தை முழுக்கத் தூக்கிப் பிடித்து, ஹாண்ட் வீலைக் கையால் மெதுவாகச் சுற்றி ஊசியை அடிவரை இறக்குங்கள். ஊசித் தண்டின் அடிமுனை பாதத்தில் இடிக்கக் கூடாது. இடித்தால் திருகை வந்த வழியே கொஞ்சம் திருப்புங்கள்.

வெள்ளைநூல்:
12-இல் லேசாக உரசியது. 11-இல் விட்டுவிட்டேன், போதும்.

ஒரே ஒரு பக்கவிளைவு. நேற்று தங்கையின் வீட்டு மெஷினில் உட்கார்ந்து பாக்கெட் தைத்தேன். ஒவ்வொரு மூலையிலும் என் வலது முட்டி தானாகக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. "கால் வலிக்கிறதா?" என்று அவள் கேட்டாள்.