மறு: சைட்டேட்டருக்குத் தமிழ் – ‘செல்நிலை’ சரிவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

சட்டத் துறைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இரண்டு இழைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். இந்த இழையில் பேசும் சைட்டேட்டர் என்பது, ஒரு தீர்ப்புக்குப் பின்னால் என்ன நேர்ந்தது, அது இன்னும் செல்லுமா என்று காட்டும் கருவி. அதற்கு முன் முதல் இழை பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணினியின் துணையோடு சட்டமும் தீர்ப்புகளும் தேடும் வேலைக்கு மதுரை ஐயா தந்த ‘கணினிவழிச் சட்டத்தேடல்’ என்பதற்கே என் வாக்கு. ‘சட்ட ஆய்வு’ என்றால்தான் கனமாக இருக்கும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நான் கொழும்பில் சட்டத்தரணிகளுக்குத் துணையாக வேலை செய்வதற்கான படிப்பைப் படிக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்குத் தேடலும் ஆய்வும் இரண்டு வேலை என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். இயந்திரம் தேடித் தரும். வாசித்து எடைபோடுவது ஆள்.

தேடலையும் இயந்திரம் முழுதாகச் செய்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பிளேர், மேரன் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. ஒரு பெரிய வழக்குக்காக ஏறத்தாழ 40,000 ஆவணங்களைக் கணினியில் ஏற்றித் தேடிய சட்டத்தரணிகள், தொடர்புடையவற்றில் 75 வீதத்தைப் பிடித்துவிட்டோம் என்று நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது 20 வீதம் அளவில்தான். ஒரே விபத்தை ஒரு தரப்பு ‘விபத்து’ என்று எழுதியது, மறுதரப்பு ‘சம்பவம்’ என்று எழுதியது. தேடியவருக்கு மற்றச் சொல் தோன்றவில்லை.

நம்முடைய இடத்தில் இது இன்னும் சிக்கல். மேல்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றிய வழக்கு என்றால் தேட வேண்டிய சொல் தமிழ்ச்சொல், அதுவும் ஆங்கில எழுத்தில். ‘தேசவழமை’யையே ‘டி’யோடு ‘எச்’ சேர்த்து ஒருவர், சேர்க்காமல் ஒருவர், ‘வி’ போட்டு ஒருவர், ‘டபிள்யூ’ போட்டு ஒருவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் சொத்துச் சொல்லான ‘தேடியதேட்டம்’ 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் ‘தெடியதெதம்’ என்று வாசிக்கும்படி கிடக்கிறது. 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எழுத்துக்கூட்டலே வேறு. ஒன்றை மட்டும் தட்டச்சு செய்தவருக்கு மற்றக் காலத்துத் தீர்ப்புகள் கண்ணில் படா. இந்தக் காரணத்தாலேயே ‘சட்டத்தேட்டம்’ என்ற முன்மொழிவை ஏற்க முடியவில்லை. சொல் அழகுதான். ஆனால் யாழ்ப்பாணத்துச் சட்டத்தில் தேட்டம் என்றால் திருமண காலத்தில் ஈட்டிய சொத்து. அதே துறைக்குள் அதே சொல்லுக்கு இரண்டாம் பொருள் கொடுக்கக் கூடாது.

சரி, இந்த இழையின் கேள்விக்கு வருகிறேன்.

> சைட்டேட்டர் என்பதற்கு ‘மேற்கோள் சுட்டி’ போதாதா? நேரான தமிழ், எல்லாருக்கும் விளங்கும்.

போதாது, அக்கா. ஏன் என்று ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன்.

கோடீஸ்வரன் வழக்கு இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரச எழுதுவினைஞர் தொடுத்த வழக்கு. கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1967இல் உயர் நீதிமன்றம் (இலங்கைக்குள் அதியுச்ச மன்று) அதை மாற்றியது: சம்பளத்துக்காக அரச ஊழியர் முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்கே போட முடியாது என்று. அந்தத் தீர்ப்பு 70 என்.எல்.ஆர். 121, அதாவது நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பின் 70ஆம் தொகுதி, 121ஆம் பக்கம். பிறகு 1969இல், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளி, வழக்குப் போட முடியும் என்றது. அது 72 என்.எல்.ஆர். 337. சிங்களத்தை ஆட்சிமொழியாக்கிய மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்ற பெரிய கேள்வியை உயர் நீதிமன்றமே பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரவேயில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது, 1972இல் அரசியலமைப்பே மாறியது.

இப்போது 70ஆம் தொகுதியின் 121ஆம் பக்கத்தை மட்டும் ஒரு மாணவர் திரையில் திறக்கிறார் என்று வையுங்கள். பக்கம் முழுதாக இருக்கிறது, நீதியரசர்களின் தர்க்கம் கம்பீரமாக ஓடுகிறது. இரண்டு ஆண்டுகளில் இது தள்ளப்பட்டது என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஓர் அடையாளமும் இல்லை, இருக்கவும் முடியாது. அச்சான தீர்ப்புக்குத் தன் எதிர்காலம் தெரியாது. அதைத் தெரிவிப்பதுதான் சைட்டேட்டரின் வேலை. எந்தெந்த வழக்கு இதை மேற்கோள் காட்டியது என்ற பட்டியல் அதற்கு ஒரு வழி மட்டுமே. நூறு வழக்குகள் மேற்கோள் காட்டியிருக்கலாம், தொண்ணூற்றொன்பது பின்பற்றியிருக்கலாம், கடைசி ஒன்று தள்ளியிருக்கலாம். ‘மேற்கோள் சுட்டி’ என்றால் மாணவர் எண்ணிக்கையைப் பார்ப்பார். பார்க்க வேண்டியது தீர்ப்புக்கு என்ன நேர்ந்தது என்பதை.

ஆங்கிலத்தில் இதற்கு என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம். பிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல் சிக்காகோ பக்கம் பசைத்தாளில் பின்வந்த வழக்குகளை அச்சிட்டு விற்றார். சட்டத்தரணிகள் அதைத் தங்கள் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அவர் பெயரே ‘ஷெப்பர்டைஸ்’ என்று வினையானது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ‘நோட்டிங் அப்’ என்பார்கள், ஓரத்தில் குறித்து வைப்பது. ஒன்று வியாபாரப் பெயர், மற்றது பழைய காகிதப் பழக்கம். இரண்டையும் நாம் மொழிபெயர்க்கத் தேவையில்லை. செயலின் நோக்கத்திலிருந்து சொல் எடுக்கலாம்.

நோக்கம் ஒரே கேள்வி: இந்தத் தீர்ப்பு இன்னும் செல்லுமா? காணி உறுதி செல்லும், செல்லாது. வாக்கு செல்லும், செல்லாது. கையில் இருப்பது செல்லாக்காசா இல்லையா. தமிழர் எல்லாரும் இந்த வினையைத்தான் சொல்கிறார்கள். ஆகவே என் முன்மொழிவு:

தீர்ப்பின் இன்றைய மதிப்பு – செல்நிலை
அதைச் சரிபார்க்கும் செயல் – செல்நிலை பார்த்தல்
அதற்கான கருவி – செல்நிலைகாட்டி

‘காட்டி’யை திசைகாட்டி, வழிகாட்டி போல வல்லினம் மிகாமல் எழுதியிருக்கிறேன்.

தனி மடலில் ஒரு ஐயா புணர்ச்சியைக் கேட்டார். நல் + நெறி நன்னெறி ஆவதுபோல இது ‘சென்னிலை’ ஆக வேண்டும் என்றார். விதி அவர் சொன்னதுதான். ஆனால் சேர்த்து எழுதினால் ‘செல்’ மறைந்துபோகிறது, ஊர்ப்பெயர் போல நிற்கிறது. கலைச்சொல்லில் வேர் வெளியே தெரிவது முக்கியம். ‘பன்னோக்கு’ இருக்க, ‘பல்நோக்கு’ என்றும் இன்று எழுதுகிறோம்தானே. அதே சலுகையை இதற்கும் கேட்கிறேன். செல்பேசியோடு குழம்பும் என்ற கவலை தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இருக்கலாம். ‘தீர்ப்பின்’ என்ற சொல் முன்னால் வந்துவிட்டால் குழப்பம் நீங்கும்.

‘செல்லுபடித்தன்மை’ ஏற்கெனவே இருக்கிறதே என்றால், அது ஒப்பந்தம், திருமணம், சட்டமூலம் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. அப்புறம் அது ஆம்/இல்லை என்று இரண்டே விடைக்கு இடம் தரும். தீர்ப்புக்கு இடைநிலைகள் உண்டு. பின்வந்த நீதிமன்றம் அதைப் பின்பற்றலாம். உண்மைகள் வேறு என்று வேறுபடுத்தலாம், அப்போதும் தீர்ப்பு உயிரோடுதான். அதே வழக்கு மேலே போய் மாறலாம், கோடீஸ்வரனுக்கு நடந்தது அது. வேறொரு வழக்கில் மேல் அமர்வு இதைப் பிழை என்று ஒதுக்கலாம். கடைசி இரண்டையும் தமிழில் ஒரே சொல்லால் ‘இரத்து’ என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. முன்னதை ‘மாற்றப்பட்டது’ என்றும் பின்னதை ‘விலக்கப்பட்டது’ என்றும் பிரிக்கலாமா? இதில் எனக்கு உறுதியான பிடிவாதம் இல்லை, நல்ல சொல் வந்தால் ஏற்கிறேன்.

இன்னொரு வகையும் உண்டு. எந்த நீதிமன்றமும் தொடாமலே தீர்ப்பு செல்லாமல் போகலாம். தேடியதேட்டத்தின் வரைவிலக்கணத்தை 1947ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றி எழுதியது. பழைய வரைவிலக்கணத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பை யாரும் விலக்கியிருக்க வேண்டியதில்லை. அடியில் இருந்த சட்டம் நகர்ந்துவிட்டது. மேற்கோள் பட்டியல் இதைக் காட்டாது. ‘செல்நிலை’ என்ற சொல் இதையும் உள்ளடக்கும் என்பதால்தான் அதில் நிற்கிறேன்.

கருவி இல்லாதவர்களும் செல்நிலை பார்க்கலாம். லோநெட், கொமன்லீ போன்ற இணையத் தீர்ப்புத் தளங்களில் தீர்ப்பின் தொகுதி எண், என்.எல்.ஆர்., பக்க எண் மூன்றையும் ஒரே தொடராகத் தேடினால், அதைச் சொன்ன பின்வழக்குகள் வரும். எழுத்துகளுக்கு இடையே புள்ளி வைத்தும் வைக்காமலும் இரண்டு தடவை தேட வேண்டும். வழக்குப் பெயரிலும் அப்படியே. கோடீஸ்வரன் ஆங்கிலத்தில் ஓர் ‘இ’யோடும் வருவார், இரண்டோடும் வருவார். வந்தவற்றைத் திகதி வரிசையில், புதியதிலிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும். இந்த வாசிப்பை உரையாடல் செயலியிடம் விட்டுவிட முடியாது. 2023இல் நியூயோர்க்கில் மாட்டா எதிர் அவியான்கா வழக்கில் சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை மன்றில் சமர்ப்பித்தவர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விழுந்தது. அந்த வழக்குகள் உண்மையா என்று அவர்கள் கேட்டதும் அதே சாட்ஜிபிடியிடம்தான்.

சொற்பட்டியலைத் தொகுக்கும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். விளக்கத்தில் நீதிமன்றப் பெயர் வருமிடமெல்லாம் நாட்டையும் குறிப்பிடுங்கள். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் அதியுச்ச நீதிமன்றம், அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அப்புறம் மேல் நீதிமன்றம். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்துக்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. ‘உயர் நீதிமன்றம் விலக்கியது’ என்ற ஒரே வரியைச் சென்னை மாணவரும் கொழும்பு மாணவரும் வெவ்வேறு எடையில் வாசிப்பார்கள். செல்நிலை விடயத்தில் எந்த மன்று சொன்னது என்பதே பாதி விடை.

எடுத்துக்காட்டு வாக்கியமாக இதைச் சேர்க்கலாம்: “70 என்.எல்.ஆர். 121இன் செல்நிலை: பிரிவி கவுன்சிலால் மாற்றப்பட்டது, 72 என்.எல்.ஆர். 337 (1969).” மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள், தனி மடலில் வேண்டாம், மற்றவர்களும் பார்க்கட்டும்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து ஒரு மாணவி