ஆர்.ஓ. கடைசி ஸ்டேஜில் படிவு, யாராவது வழி சொல்லுங்களேன்

திருப்பூரில் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பில் ஆர்.ஓ. (மெம்பரேன் என்ற சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) பார்க்கிறேன். முதல் ஸ்டேஜ்களில் தொல்லை இல்லை, கடைசி ஸ்டேஜ் மெம்பரேனில்தான் படிவு கட்டி, பிரஷர் ஏறி, நல்ல தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. கார்பனேட் என்று நினைத்து சிட்ரிக் ஆசிட் போட்டுக் கழுவினோம், அசையவே இல்லை. அப்படியென்றால் ஜிப்சமோ (கால்சியம் சல்ஃபேட்) சிலிக்காவோ என்று சந்தேகம். பி.எச். குறைக்க இத்தனை நாளாக சல்ஃபியூரிக் ஆசிட்தான் விடுகிறோம், ஏற்கெனவே கிளாபர் உப்பு (சாயமேற்றப் போடும் சோடியம் சல்ஃபேட்) நிறைந்த தண்ணீரில் அது சல்ஃபேட்டை இன்னும் கூட்டுமே, ஹைட்ரோகுளோரிக்குக்கு மாறலாமா? ஆன்டிஸ்கேலன்ட் (படிவைத் தடுக்கும் மருந்து) அளவைக் கூட்டச் சொல்கிறார் சப்ளையர் (அவர் வேறென்ன சொல்வார்!). ரெக்கவரியை (நல்ல தண்ணீராக எடுக்கும் பங்கை) குறைத்தால், மிச்சக் கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் சுமை ஏறும், ஜீரோ டிஸ்சார்ஜ் என்பதால் வெளியே விடவும் முடியாது. ஆர்.ஓ.வுக்கு முன்னாடியே சாஃப்ட்னர் (தண்ணீரின் கால்சியத்தை நீக்கும் கருவி) வைத்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், இ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடித்துக் கரைக்கும் வேதிப்பொருள்) போட்டுக் கழுவி ஜிப்சம் கரைந்ததா?