3-0ல அடிச்சா குத்தமா?

காலரிக்காரன்:
பேஸ்பால் அப்பப்ப பாக்குற ஆள் நான். எழுதின விதிகூடப் புரிஞ்சிடுது, எழுதாத விதிதான் இடிக்குது. 2020 ஆகஸ்ட் 17, டெக்சஸ் ரேஞ்சர்ஸ் - சான் டியேகோ பாட்ரேஸ் மேட்ச். ஒன்பது இன்னிங்ஸ்ல எட்டாவது, பாட்ரேஸ் 10-3 முன்னிலை, மூணு பேஸ்லயும் ஆள். பாட்ரேஸோட ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு மூணு பால் (எல்லைக்கு வெளிய போன வீச்சு) ஆச்சு, ஸ்ட்ரைக் ஒண்ணுமில்ல, அதான் 3-0. அடுத்ததைத் தூக்கி வெளிய அனுப்பிட்டான். கிராண்ட் ஸ்லாம், அதாவது ஒரே அடியில நாலு ரன், 14-3. இவ்வளவு முன்னிலையில 3-0ல அடிக்கக் கூடாதுங்கறது எழுதாத விதியாம், ரேஞ்சர்ஸ் மேனேஜருக்குக் கோவம். சொந்த மேனேஜரே, அடிக்க வேணாம்னு காட்டின சைகையை இவன் கவனிக்கலன்னுட்டாரு. நல்லா அடிச்சதுக்கு இப்படியா?

பழைய கிளவுஸ்:
சார், அந்த நாலாவது பந்து எப்படி வரும்னு யோசிங்க. இன்னொரு பால் ஆனா ஒரு ரன் இனாம். வேற வழியில்லாம பிட்ச்சர் (பந்து வீசறவர்) நட்ட நடுவுல போடுவாரு. ஏழு ரன் முன்னாடி இருக்கறவன் அதை வெளுக்கறது, கையைக் கட்டிப்போட்டு அடிக்கற மாதிரி. வழக்கமா சீசனுக்கு 162 மேட்ச், அதே மூஞ்சிங்களையே திரும்பத் திரும்பப் பாக்கணும்.

காலரிக்காரன்:
ஏழு ரன் பத்திரம்னு யாரு சொன்னா? இதுல நேரம் முடிஞ்சுதுன்னு விசில் ஊதற ஆளே கிடையாது, கடைசி அவுட் வரைக்கும் எடுத்தே ஆகணும். 2001 ஆகஸ்ட் 5 ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் 116 மேட்ச் ஜெயிச்ச சியாட்டில், கிளீவ்லாண்டுக்கு எதிரா 14-2 முன்னிலை. முடிவு? 11 இன்னிங்ஸ்ல கிளீவ்லாண்டு 15-14.

அரைத்தூக்கம்:
2019ல அஸ்வின் பட்லரை ரன் அவுட் ஆக்கினப்போ கிளவுஸ் அண்ணன் எந்தப் பக்கம்?

பழைய கிளவுஸ்:
அஸ்வின் பக்கம்தான். அது புத்தகத்துலயே இருக்கு தம்பி.

அரைத்தூக்கம்:
3-0ல அடிக்கக் கூடாதுன்னு எந்தப் புத்தகத்துல இருக்குண்ணே? 😀

காலரிக்காரன்:
அதைவிடு. அடுத்து வந்த ரேஞ்சர்ஸ் பிட்ச்சர் என்ன பண்ணாரு? அடுத்த பாட்ரேஸ் பேட்டர் மேனி மச்சாடோ முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு விட்டாரு. அவருக்கு 3 மேட்ச் தடை, மேனேஜருக்கு 1. டாட்டிஸ் விதியை மீறினதுக்கு மச்சாடோ முதுகு! 1920 ஆகஸ்ட் 16 அன்னிக்கு பேட்டர் ரே சாப்மன் தலையில பந்து பட்டுது, மறுநாள் 17ந்தேதி செத்தே போனாரு. டாட்டிஸ் அடிச்ச நாளுக்குச் சரியா நூறு வருஷம் முன்னாடி. அது வேணும்னு போட்டதுன்னு சொல்லல. ஆனா உடம்பைப் பாத்து வீசறது என்னன்னு தெரிஞ்ச ஆட்டம் இது.

பழைய கிளவுஸ்:
அதுல உங்க கட்சிதான். ஆளுக்கு வீசறவனை ஒரு மாசம் உக்கார வைக்கணும், மூணு மேட்ச் என்ன கணக்கு! ஆனா 3-0 விஷயத்துல மாற மாட்டேன்.

அரைத்தூக்கம்:
அதே ரேஞ்சர்ஸ்கிட்ட பாட்ரேஸ் ஆளுங்க அடுத்த மூணு நாளும் ஆளுக்கொரு கிராண்ட் ஸ்லாம் அடிச்சாங்களே. தொடர்ந்து நாலு மேட்ச். அதுக்கு முன்னாடி எந்த டீமும் பண்ணதில்ல.

பழைய கிளவுஸ்:
தெரியும். அதுல மச்சாடோ அடிச்சது பத்தாவது இன்னிங்ஸ்ல, மேட்ச்சை முடிக்க. அதுக்கு நான்கூட எழுந்து நின்னு கை தட்டினேன்.