தட்டான் எடுக்க ட்யூபா, எக்ஸ்டெண்டரா?

குளத்தங்கரை:
என்னிடம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் கேனான் 300 மி.மீ. எஃப் 4 ஐஎஸ் லென்ஸும் இருக்கின்றன. தட்டான்களைப் பெரிதாக எடுக்க ஆசை. சின்னப் பூச்சிகளைக் கிட்டே எடுப்பதற்கென்றே இருக்கும் மேக்ரோ லென்ஸ் இப்போதைக்கு வாங்க முடியாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்ட எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கலாமா, படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் எக்ஸ்டெண்டரா?

சிலந்திவலை:
ட்யூப்தான். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய் அது. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதால் இன்னும் கிட்டே ஃபோகஸ் ஆகும். ட்யூபின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் (உங்கள் 50, 300 மி.மீ.) வகுத்தால், எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரிந்துவிடும். உருப்பெருக்கம் 1 என்றால் பூச்சி அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. ட்யூப் என்றால் 0.5 கூடும். தாவும் சிலந்தியின் கண்களை நான் இப்படித்தான் எடுக்கிறேன். எக்ஸ்டெண்டரில் உள்ள கண்ணாடி, லென்ஸின் குறைகளையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

ஊசித்தட்டான்:
சிலந்திக்குச் சரி சார். தட்டானுக்கு 50 மி.மீ. லென்ஸில் ட்யூப் போட்டால் ஒரு சாண்கூட இடைவெளி இருக்காது. நிழல் விழுந்தாலே பறந்துவிடும். எக்ஸ்டெண்டர் இருப்பதைப் பெருக்கும். அந்த 300 லென்ஸின் உச்ச உருப்பெருக்கம் 0.24, எக்ஸ்டெண்டரோடு 0.34 ஆகும். 1.5 மீட்டர் தள்ளி நின்றே எடுக்கலாம்.

சிலந்திவலை:
300இலும் ட்யூப் போடலாமே. 25ஐ 300ஆல் வகுத்தால் 0.08. மொத்தம் ஏறத்தாழ 0.32. உங்கள் 0.34க்கும் இதற்கும் படத்தில் என்ன வித்தியாசம் தெரியும்? எக்ஸ்டெண்டர் போட்டால் எஃப் 4 லென்ஸ் எஃப் 5.6 ஆகி ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி போகும். காலை வெளிச்சத்தில் அது பெரிய இழப்பு. விடியற்காலைப் பனியில் இறக்கை நனைந்திருக்கும் தட்டான் அசையாது. அப்போது 50 மி.மீ. லென்ஸோடுகூடக் கிட்டே போகலாம்.

ஊசித்தட்டான்:
0.32 கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ட்யூப் மாட்டினால் சுமார் நாலு மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது. தட்டான் எழுந்து எதிர்க்கரை நாணலில் உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்? குளக்கரையில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் தூசி விழும். எக்ஸ்டெண்டரோடு முடிவிலி வரை ஃபோகஸ் ஆகும். பத்து மணி வெயிலில் ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும் தட்டானைத்தான் நான் எடுக்கிறேன். அந்த வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப் பெரிதில்லை.

குளத்தங்கரை:
விடியலில் எழுந்து போக முடியும், வீட்டுப் பக்கத்திலேயே குளம். விலை குறைந்த ட்யூப் ஒன்று பார்த்தேன், பரவாயில்லையா?

சிலந்திவலை:
மின்தொடர்பு முனைகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி. இல்லையென்றால் உங்கள் லென்ஸ்களில் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, மாற்றவே முடியாது. 50 மி.மீ. லென்ஸ் முழுதாகத் திறந்த எஃப் 1.8லேயே நிற்கும், தெளிவாக விழும் ஆழம் குறைந்து தட்டானின் ஒரு கண் தெளிவாக இருந்தால் மறு கண் மங்கிவிடும். நான் முதலில் வாங்கிய பிளாஸ்டிக் ட்யூப், லென்ஸின் எடை தாங்காமல், பொருத்தும் வளையமான மவுண்ட்டில் ஆட ஆரம்பித்தது. உலோக மவுண்ட்டாக வாங்குங்கள்.

ஊசித்தட்டான்:
50க்கு ட்யூப் வாங்குங்கள், அதை நான் தடுக்கவில்லை. 300க்கு மட்டும் ஒருநாள் யாரிடமாவது எக்ஸ்டெண்டரை இரவல் வாங்கி, பத்து மணி வெயிலில் எடுத்துப் பாருங்கள். இரண்டு படங்களையும் இங்கே போடுங்கள், பேசுவோம்.