சாக்ரடீஸ் ஜெயில்ல இருந்து தப்பிச்சுப் போயிருக்கணுமா?

கரிசல்காட்டான்:
கி.மு. 399ல இளைஞர்களைக் கெடுக்கிறாரு, ஊர் கும்பிடுற சாமியை மதிக்கலைன்னு கேஸ் போட்டு ஏதென்ஸ் கோர்ட் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை குடுத்துச்சு. டீலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்புற வரைக்கும் யாரையும் கொல்லக்கூடாதுங்கிறதால ஜெயில்ல வச்சிருந்தாங்க. விடியறதுக்கு முன்னாடியே அவரோட பழைய நண்பர் கிரிட்டோ வந்து உக்காந்திருக்காரு, காசு ரெடி, வடக்கே தெஸ்ஸலி நாட்டுல தங்க நம்மாளுங்க இருக்காங்க, கிளம்புங்கன்னு கெஞ்சுறாரு. மாட்டேன்னுட்டாரு. மூணு பசங்க, அதுல ரெண்டு பேரு சின்னப் பிள்ளைங்க. தப்பான தீர்ப்புக்குத் தலையைக் குடுக்கிறது எப்படிங்க நீதியாகும்?

தெருவிளக்கு:
தீர்ப்பு சரின்னு அவரும் சொல்லலையே. 70 வயசு வரைக்கும் இந்த ஊர்லயே இருந்துட்டேன், பிடிக்கலைன்னா மூட்டை கட்டிட்டுப் போறதை எந்தச் சட்டமும் தடுக்கல, எனக்கு அநியாயம் பண்ணது மனுஷங்கதான், சட்டம் இல்லைன்னாரு. பதிலுக்கு பதில் அநியாயம் பண்ணக்கூடாதுங்கிறதுதான் அவரோட அடிப்படையே.

கரிசல்காட்டான்:
சரி, அப்போ ஏதென்ஸை முப்பது பேர் சேர்ந்து கொடுங்கோல் ஆட்சி பண்ணப்போ, சலாமிஸ் தீவுல இருந்த லியோன்கிறவரைக் கொல்றதுக்காகக் கூட்டிட்டு வாங்கன்னு இவரோட சேர்த்து அஞ்சு பேருக்கு உத்தரவு போட்டாங்க, மத்த நாலு பேரும் போனாங்க, இவரு மட்டும் ஏன் பேசாம வீட்டுக்குப் போனாரு? தத்துவம் பேசுறதை நிறுத்துனா விட்டுடுறோம்னாலும் கேக்க மாட்டேன்னு கோர்ட்லயே சொன்னாரே!

தெருவிளக்கு:
ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. அடுத்தவனுக்கு அநியாயம் பண்ணச் சொன்னா உயிரே போனாலும் பண்ண மாட்டாரு, தனக்கு நடந்தா தாங்கிக்குவாரு. கி.மு. 406ல ஆர்கினுசாய் கடல் சண்டையில ஜெயிச்ச தளபதிங்களை, தண்ணியில தத்தளிச்சவங்களைக் காப்பாத்தலைன்னு சொல்லி மொத்தமா ஒரே ஓட்டுல தண்டிக்கப் பார்த்தாங்க, கூட்டம் கத்துது மிரட்டுது, இது சட்டத்துக்கு விரோதம்னு கடைசி வரைக்கும் எதிர்த்து நின்னவரு இவரு. ஆனாலும் ஆறு பேரைக் கொன்னுட்டாங்க. அப்படிப்பட்ட ஆளு தன் உயிருன்னு வந்ததும் சட்டத்தை வளைச்சா அந்த ஆறு பேருக்காக நின்னதுக்கு என்ன மதிப்பு?

பனங்காடு:
நான் கரிசல்காட்டான் பக்கம். சட்டம் பொதுவா எழுதுறது, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாதுன்னு அரிஸ்டாட்டில் சொல்றாரு. லெஸ்போஸ் தீவு கொத்தனாருங்க ஈயத்துல அளவுகோல் வச்சிருந்தாங்களாம், கல்லு எப்படி வளையுதோ அப்படியே அதுவும் வளையும், நியாயம் அப்படி இருக்கணும்னாரு. அலெக்சாண்டர் செத்ததும் தன் மேல தெய்வ நிந்தனை கேஸ் வந்தப்போ அவரே ஏதென்ஸை விட்டு கால்கிஸ்ங்கிற ஊருக்குப் போயிட்டாரு. அதுக்காக அவரை ஒழுக்கம் கெட்டவருன்னா சொல்றோம்?

தெருவிளக்கு:
அவரு தீர்ப்புக்கு முன்னாடி போனாரு, அதுல தப்பே இல்ல. சாக்ரடீஸும் கோர்ட்லயே நாடு கடத்துங்கன்னு கேட்டிருக்கலாம். கேக்கல, தண்டனைக்குப் பதிலா ஊர் செலவுல சாப்பாடு போடுங்கன்னாரு, அப்புறம் 30 மினா (அந்தக் கால வெள்ளிப் பணம்) அபராதம்னாரு. சபையில வேண்டாம்னதை ராத்திரியில திருட்டுத்தனமா எடுத்துக்கிறதா?

கரிசல்காட்டான்:
பிளேட்டோ எழுதின உரையாடல்ல சட்டமே ஆள் மாதிரி வந்து சாக்ரடீஸ்கிட்ட என்ன சொல்லுது, ஒண்ணு எங்களை ஒத்துக்க வை, இல்லைன்னா கீழ்ப்படி. ஒத்துக்க வைக்க எவ்வளவு நேரம் குடுத்தாங்க? ஒரே நாள். உயிர் போற கேஸை வேற ஊர்ல பல நாள் விசாரிக்கிறாங்க, இங்கேயும் அப்படி இருந்தா உங்களைப் புரிய வச்சிருப்பேன்னு சாக்ரடீஸே சொல்றாரு. 30 ஓட்டு இந்தப் பக்கம் மாறியிருந்தா விடுதலையாம். அப்போ மனுஷங்க மட்டும் இல்லைங்க, அந்த ஒரு நாள் கணக்கை வச்ச சட்டமும்தான் அவருக்கு அநியாயம் பண்ணிருக்கு. இதுக்கு நீங்க பதில் சொல்லுங்க தெருவிளக்கு.