பத்மினி கார் சூட்டில் ஸ்டார்ட் ஆகலை, மாருதி 800 ஆகுது. ஏன்?

பத்மினி_பிரியன்: அவசரம். ரெண்டு வண்டிக்கும் ஒரே பங்க் பெட்ரோல், ஒரே வெயில். அரை மணி ஓட்டி நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு சாவி போட்டா 800 உடனே பிடிக்குது. பத்மினியில் செல்ஃப் சுத்துது, பிடிக்கலை. ஆறினா சரியாயிடுது. என்ன மாத்தணும்?

ஸ்பேனர்13: 800 கார்ப்பரேட்டரா (பெட்ரோலைக் காத்தோட கலக்குற பழைய பாகம்), எம்பிஎஃப்ஐயா (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுறது)? பத்மினியில் ஸ்பார்க்குக்கு பாயிண்ட் செட்டா (திறந்து மூடுற பழைய சுவிட்ச்), எலக்ட்ரானிக் இக்னிஷனா? பிடிக்காதப்போ பெட்ரோல் வாசனை வருதா? சமீபத்தில் எதையாவது கழட்டினாங்களா?

காயில்_கோவை: ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தர்ற காயில்தாங்க. சூடானா உள்சுற்று விட்டுப்போகும், ஆறினா சேரும். பாயிண்டோட இருக்கிற கண்டன்சரையும் சேர்த்து மாத்துங்க. பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. வைங்க.

மூத்த_போனட்: தம்பி, அடிப்படை தெரியாம ரெண்டு வண்டியை ஒப்பிடக்கூடாது. பத்மினி 1960களின் ஃபியட் 1100. பெட்ரோல் பம்ப் இன்ஜின் பிளாக்கில் உட்கார்ந்து, பின்னாடி இருக்கிற டேங்கிலிருந்து உறிஞ்சுது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, பக்கத்தில் இன்ஜின் சூடு. பெட்ரோல் ஆவியாயிடும், பம்ப் ஆவியைத்தான் பிசையும். விசிறியும் பெல்ட்டில் ஓடுறது, இன்ஜின் நின்னா அதுவும் நிக்கும். எம்பிஎஃப்ஐ 800ல் எலக்ட்ரிக் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து 2.5 பார் (காத்தழுத்தத்தைப் போல ரெண்டரை மடங்கு) அளவுக்குத் தள்ளுது. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் சுலபமா கொதிக்காது.

பத்மினி_பிரியன்: 800 எம்பிஎஃப்ஐ, 2004. பத்மினி பாயிண்ட் செட். வாசனை இல்லை. போன மாசம் பம்ப் டயஃப்ரம் (பெட்ரோலை உறிஞ்சுற ரப்பர் தகடு) மாத்தினாங்க.

காயில்_கோவை: எல்லாம் பெட்ரோலில் கலக்குற எத்தனால் செய்யற வேலை.

மூத்த_போனட்: எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும்.

காயில்_கோவை: தனியா இருந்தா சரி. பெட்ரோலோட கலந்தா ஆவியழுத்தம் ஏறும். பழைய ரப்பர் டயஃப்ரத்தையும் ஊற வெச்சுடும்.

ஸ்பேனர்13: அந்த விவாதம் இருக்கட்டும். டயஃப்ரம் மாத்தினதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். பிளாக்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் கறுப்பா, விரல் கனத்துக்கு பேக்கலைட் (சூடு கடத்தாத கெட்டி பிளாஸ்டிக்) துண்டு இருக்கணும். ரெண்டு பக்கமும் பேப்பர் கேஸ்கெட். துண்டு இல்லாம வெறும் கேஸ்கெட் போட்டு முடுக்கியிருந்தா பிளாக் சூடு நேரா பம்புக்கு ஏறும், பம்ப் ஸ்ட்ரோக்கும் (ஏறி இறங்குற தூரம்) மாறிடும்.

மறுபடி நின்னா: ஸ்பார்க் வராம இருக்க, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு ஸ்பார்க் பிரிக்கிறது) போற தடி வயரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் பிடுங்கி பாடியில் எர்த் பண்ணுங்க. கார்ப்பரேட்டர் பக்கத்து ஹோஸைக் கழட்டி பாட்டிலுக்குள்ள விட்டு செல்ஃப் அடிங்க. பாட்டில் சைலன்சர் குழாய்ப் பக்கம் போகவே கூடாது. பெட்ரோல் துடிச்சு துடிச்சு வந்தா பம்ப் நல்லது, அப்புறம் காயிலைப் பாருங்க. நுரையா வந்தாலோ வராமப் போனாலோ ஆவி அடைப்பு. பம்ப் மேல ஈரத்துணி போட்டு அஞ்சு நிமிஷத்தில் பிடிச்சா உறுதி.

புதுசா_சேர்ந்தவர்: 800 பம்பையே பத்மினிக்குப் போட்டா?

ஸ்பேனர்13: வேண்டவே வேண்டாம். கார்ப்பரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஊசி வால்வு 0.2 பார் சுற்றித்தான் தாங்கும். 2.5 பார் வந்தா மேல வழிஞ்சு சூடான இன்ஜினில் கொட்டும், தீப்பிடிக்கும்.

பத்மினி_பிரியன்: பார்த்தேன், துண்டு மாட்டலை. பழைய டயஃப்ரத்தோட கழட்டிப் போட்ட டப்பாவில் கிடந்தது. மாட்டியாச்சு, இன்னிக்கு மத்தியானம் மூணு தடவையும் பிடிச்சுது. நன்றிண்ணே.