நாவலைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறு கலைக்குப் போகலாமா?

பாலக்கோட்டுக்காரி:
தக்காளி மண்டியை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். பாதி தாண்டிவிட்டது. விடியற்காலை ஏலம் நடக்கும் அத்தியாயத்தில் அப்படியே நிற்கிறது. இப்போது மரத்தில் செதுக்கி அச்செடுக்கும் ஓவியம் பழக ஆசையாக இருக்கிறது. தினம் ஒரு பக்கம் என்ற பழக்கத்தை விட்டால் நாவல் போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும்?

அதியமான்கோட்டையான்:
விடாதீர்கள் சகோதரி. நம் தகடூர் அதியமானை ஔவையார் எப்படிப் பாடினார்? நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்றார் (புறநானூறு 87). வேகமாகச் செய்யத் தெரிந்தவன் அந்த ஒன்றின் முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்தான். அந்த உட்காரல்தான் உங்களுக்கு இப்போது வேண்டும்.

ஓசூர் வாணி:
அதே ஔவையாரை நானும் கூப்பிடுகிறேன். அவர் பெயரில் சங்கப் பாடல்கள் 59. புறம் 33, மற்ற 26-ம் அகம். போர்க்களம் பாடியவர்தான், பிரிவுத் துயரில் ‘முட்டுவேனா, தாக்குவேனா’ என்று ஊரே தூங்கும்போது தவிக்கும் பெண்ணையும் குறுந்தொகையில் பாடினார். அதியமானை மட்டுமே பாடியிருந்தால் அந்தப் பாட்டு நமக்கு ஏது?

அதியமான்கோட்டையான்:
அகத்துக்கும் ஆசிரியப்பாதான், புறத்துக்கும் பெரும்பாலும் அதுதான். பாடுபொருள் மாறியது, கருவி மாறவில்லை. சகோதரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுக்கக் கேட்கிறார். இரண்டும் ஒன்றா?

மொரப்பூர் கூத்துப்பிரியன்:
எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். துரியோதனன் வேடம் கட்டுகிறவர் தன் முறை வராத நேரம் அரிதாரத்தோடே வந்து பின்பாட்டு பாடுவார், தாளத்தை வாங்கித் தட்டுவார். ஆனால் விடிகிறவரை கூத்துக் களத்தை விட்டு நகர மாட்டார். வேலை மாறலாம், களம் மாறக் கூடாது. என் கட்சி இதுதான்.

ஓசூர் வாணி:
அப்படியென்றால் அந்த ஏலத்தையே செதுக்கட்டுமே! கூடையைச் சாய்த்துக் காட்டும் கை, விலை ஏறும்போது ஏலக்காரரின் கழுத்து நரம்பு. மரத்தில் கோடு இழுக்க வேண்டுமென்றால் எதை விடுவது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அத்தியாயம் நிற்பதே அந்த முடிவு இல்லாததால்தான் இருக்கும்.

அதியமான்கோட்டையான்:
எனக்குப் பயமே அங்கேதான். படமாகப் பார்த்துவிட்டால் மனசு ‘முடிந்தது’ என்று அடங்கிவிடும். பிறகு எழுத எதற்கு உட்காருவார்? பசியோடு இருக்கிறவன்தான் அடுப்பைப் பற்றவைப்பான்.

பாலக்கோட்டுக்காரி:
களம் மாறக் கூடாது என்பது எனக்குப் பட்டது. ஏல அத்தியாயத்தை எழுதி முடிக்கிறேன், எவ்வளவு மோசமாக வந்தாலும் சரி. அப்புறம் உளி, முதல் பலகையில் அதே மண்டி.

ஓசூர் வாணி:
எனக்கு இதில் சம்மதமில்லை. ஆசை சூடாக இருக்கும்போதே பலகையை வாங்குங்கள். காலையில் பக்கம், மாலையில் பலகை என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.